வாய் பொத்தாத இருமல்

அவர் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கிறவர். குளித்துவிட்டு வந்தாலும் புருவத்தில் கல்தூசி போகாது. அந்த வேலைக்காரர்களுக்கெல்லாம் உள்ள இருமல் அவருக்கும் உண்டு. ஆனால் முகத்தைத் திருப்பி, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவர் இருமி நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுரங்கத்துத் துரை பேத்தமங்கலம் ஏரிக்கு வேட்டைக்குப் போனார். ஆபீஸ் குமாஸ்தாவான நானும், சாமான் தூக்க அவரும் கூடப் போனோம். உள்ளான் குருவிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பறவைகள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத ஜாதி. சுட்டு, பஞ்சடைத்துப் பாடம் செய்து சீமைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி, துரை துப்பாக்கியைத் தூக்கினார்.

இவர் இருமினார். ஏரியே எழுந்து பறந்தது.

திட்ட வாயெடுத்த துரை, இவருடைய புருவத்துக் கல்தூசியைப் பார்த்ததும் துப்பாக்கியை இறக்கிக்கொண்டார். நான் இவர் தோளைப் பார்த்தேன். துண்டு மடிப்புக் கலையாமல் அங்கேயே கிடந்தது.

திரும்பும்போது மாட்டுவண்டியில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னாங்க, அது நெஜ இருமலா? வேலை போயிருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"இருமல் நெஜந்தாங்க. அந்த ஒண்ண மட்டும் நானா கூப்ட்டேன். அதுங்களும் எங்கேர்ந்தோ பொழைக்க வந்ததுங்க தானே?"

சொல்லி முடிப்பதற்குள், கூப்பிடாத ஒன்று வந்தது. முகத்தைத் திருப்பி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி மாரிகுப்பம் வந்து சேரும்வரை அந்தத் துண்டு இறங்கவில்லை.