ஃபேன் நின்ற ஞாயிறு

வகுப்பில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அந்த இரைச்சல் கேட்டது. டொறீனுக்கு மட்டும் கேட்கவில்லை.

2008 ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை அது. மாத்தளை நகரத்தில், பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த சமூக நிலையத்தில் ஆறு மாதமாக ஊடகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு. கடைசி வேலையாக ஆளுக்கு ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். ஒன்பது படங்களில் சிறந்த ஒன்றை எடுத்தவருக்குக் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி; தங்குமிடமும் சம்பளமும் உண்டு. எல்கடுவ மலையில், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கீழே இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த இருபத்தொரு வயது டொறீனுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. உயர்தரம் எழுதிவிட்டு இரண்டு வருடமாகத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடமும் அதே பாட்டுத்தான் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் எடுத்தது வேலம்மாவைப் பற்றி. லயத்து ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களில் மூன்று தள்ளி இருக்கும் வேலம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவள். புதன்கிழமை மாலை, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தவளைக் காம்பராவுக்குள்ளேயே உட்கார வைத்து எடுத்தாள். நிலையத்தில் இருந்த ஒரே ஹெட்ஃபோன் அந்த வாரம் நோபர்ட்டிடம் இருந்தது. பரவாயில்லை, நமக்கு நல்ல காது என்று டொறீன் அது இல்லாமலே எடுத்தாள். மலையைப் பற்றி, அட்டையைப் பற்றி, கங்காணியைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்த பின், கடைசியாக மகனைப் பற்றிக் கேட்டாள். கணபதி கத்தாரில் இருக்கிறான் என்று லயம் முழுக்கத் தெரியும். வேலம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து வேறொன்றைச் சொன்னாள். டொறீன் கெமராவை ஓடவிட்டாள். கெமராவுக்கு முன்னால் சொல்கிறாள் என்றால் ஊர் கேட்க வேண்டும் என்றுதானே சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். இதுதான் என் படம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

டேப்பில் வேலம்மா அதைச் சொல்லும் இடத்துக்காகத்தான் வகுப்பில் அவள் காத்திருந்தாள். டேப் ஓடியது. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"என்ன மெஷின் ஓடுது?" என்று கேட்டாள் ஸரீனா. வாரத்தில் ஐந்து நாள் கொழும்பில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியறையில் படத்தொகுப்புச் செய்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் பஸ் பிடித்து வந்து கற்பிப்பவள். முப்பத்திரண்டு வயது. எதையும் இரண்டு முறை சொல்ல நேரமில்லாதவள்.

"மெஷின் ஒண்ணும் ஓடல மிஸ்."

"மிஸ், டொறீன் ஹெலிகொப்டர்ல இருந்து எடுத்திருக்கா" என்றான் நோபர்ட். எல்லோரும் சிரித்தார்கள். வேலம்மாவின் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது, ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றார்கள். டொறீனுக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஸரீனா நோபர்ட்டிடமிருந்து ஹெட்ஃபோனை வாங்கி அவள் தலையில் மாட்டி, பேச்சு இல்லாத ஓர் இடத்தில் டேப்பை நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். அப்போதுதான் கேட்டது. ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுகிற பெரிய ஃபேன்கள். பிறந்த நாளிலிருந்து தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த சத்தம். அதற்கு மேலே குரல் எழுப்பிப் பேசியே பழகியதால்தான் நகரத்தில் எல்லோரும் தன்னை மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள் என்பதும் அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த சனி தொகுப்பு, அதற்கு மறுநாள் திரையிடல். ஸரீனா புது டேப் ஒன்றைக் கொடுத்து, திரும்ப எடுத்து வா என்று மட்டும் சொன்னாள்.

ஃபேன் எப்போது ஓடாது என்பது டொறீனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. சனிக்கிழமைக் கொழுந்து வாடி முடிந்ததும், ஞாயிறு பகலோடு ஸ்டோர் நின்றுவிடும். மறுநாளே வேலம்மாவிடம் போனாள். அதற்கு முன், சனிக்கிழமை மாலை கெமராவை வீட்டுக்குக் கொண்டு போகும்போது, போர்க்காலச் சோதனைச்சாவடியில் வழக்கம்போல பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். நிலையம் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு அனுப்பினார்கள்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி. அதே காம்பரா, அதே இடம், அதே சேலை. இந்த முறை ஹெட்ஃபோன் இருந்தது. மாட்டியதும் டொறீன் திகைத்துப் போனாள். லயத்தின் குறுக்குச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. மேலே ஒரு முழத்துக்குத் திறந்தே கிடக்கும். அந்த இடைவெளி வழியாக நான்கு வீட்டுச் சத்தம் வந்து விழுந்தது. யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளை தட்டைத் தட்டியது. ஒட்டிய காம்பராவில் ராசம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

மலையைப் பற்றி வேலம்மா நன்றாகவே பேசினாள். பிறகு டொறீன், போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். மகன் எங்கே?

சுவருக்கு அப்பால் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

வேலம்மாவின் கண் சுவர்ப்பக்கம் போனது. அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு கெமராவைப் பார்த்து, தேவைக்கு மேல் உரத்து, "கத்தார்ல இருக்கான். நல்லா இருக்கான்" என்றாள். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, தேங்காய் மறுபடி துருவப்பட்டது.

டொறீன் கெமராவை நிறுத்தினாள். வேலம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அவளைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரச் சொன்னாள். பீலியில் தண்ணீர் விழும் சத்தத்தில்தான் பேசினாள்.

"ஃபேன் ஓடுறப்ப பேசுறது ஒனக்கு மட்டும் புள்ள. இப்பப் பேசுறது லயத்துக்கே கேக்கும்."

"கெமரா இருந்துச்சே பெரியம்மா."

"அந்தச் சத்தத்துல கெமராவுக்கும் கேக்கும்னு நான் கண்டனா?"

மற்றதையும் சொன்னாள். மூத்த மகளுக்கு ராசம்மா வழியாக ஓர் இடம் பேசி, தைக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. இந்த நேரத்தில் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம் தலை வைக்கமாட்டார்கள். யாரிடமாவது சொன்னால்தான் நெஞ்சு ஆறும் என்று அன்று சொல்லிவிட்டாளாம். குடம் நிறைந்து வழிந்தது. டொறீன் வாய்விட்டு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் நிலையத்துக்குப் போனபோது, ஸரீனா பழைய டேப்பையும், வார நடுவில் கெமராவோடு அவள் திருப்பிக் கொடுத்திருந்த புது டேப்பையும் கணினியில் ஏற்றிவிட்டிருந்தாள். இரண்டாவதில் ஒலி சுத்தம், ஆனால் முகம் பொய் சொல்கிறது என்றாள். முதல் டேப்பில் முகம் உண்மையாக இருந்ததால், அந்த இரைச்சலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தாளாம். விசையை அழுத்தினாள். ஃபேன் சத்தம் தூரத்து ஆறு போல ஒடுங்கியது. அதற்குள்ளிருந்து வேலம்மா எழுந்து வந்தாள்.

"எம் மகன் கத்தாருக்குப் போகல புள்ள. கொழும்புல கடையில நின்னவனச் சந்தேகத்துல பொலிசுக்காரங்க புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ஏழு மாசமா உள்ள இருக்கான். வழக்கும் இல்ல, வுடுறதும் இல்ல."

ஸரீனா திரும்பிப் பார்த்தாள். "இத வச்சா கொழும்புக்கு நீதான் போற. வேற யாருடையதும் இதுக்குக் கிட்ட வராது."

அது உண்மை என்று டொறீனுக்குத் தெரிந்தது. கொழும்பு, சம்பளம், பிள்ளை மடுவத்துப் பாட்டிலிருந்து விடுதலை எல்லாம் அந்த நான்கு வசனத்துக்குள் இருந்தன. முகத்தை மறைத்துவிடலாம், பெயரை விட்டுவிடலாம் என்று ஸரீனா வழிகளையும் சொன்னாள். குரலை என்ன செய்வது என்று டொறீன் கேட்டாள். எல்கடுவையில் அந்தக் குரலைத் தெரியாதவர் யார்?

"வேணாம் மிஸ். இது எனக்குச் சொன்னது."

ஸரீனா விசையிலிருந்து கையை எடுத்தாள். செய்தியறையில் இப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லையாம். பிறகு எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

டொறீன் ஞாயிற்றுக்கிழமை டேப்பை மட்டும் வைத்துத் தொகுத்தாள். நான்கு நிமிடம் மலையும் கொழுந்தும். கடைசியில் அந்தக் கேள்வி. துருவும் சத்தம் நிற்கிறது, கண் சுவருக்குப் போகிறது, பதில், மறுபடி துருவல். ஏழு விநாடி யாரும் பேசாமல் இருப்பது தொய்வு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் வெட்டவில்லை. முதல் டேப்பைக் கெமராவில் போட்டு, லென்ஸை மூடி, ஒரு மணி நேரம் வெறுமனே ஓடவிட்டு அழித்தாள். கணினியில் ஏறியிருந்ததையும் ஸரீனா இருக்கும்போதே நீக்கினாள்.

திரையிடலுக்கு வேலம்மாவும் ராசம்மாவும் ஒரே பஸ்ஸில் வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் ராசம்மா, தன் வீட்டுத் தேங்காய்ச் சத்தம்கூட வந்திருக்கிறதே என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். வேலம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கொழும்புக்கு நோபர்ட் தெரிவானான். கலேவெல மரக்கறிச் சந்தையில் விடிகாலை லொறிகள் வருவதை எடுத்திருந்தான். நல்ல படம்தான், டொறீனும் கைதட்டினாள். தேநீர் ஊற்றும் இடத்தில் ஸரீனா அவளைத் தனியே பிடித்தாள்.

"அந்த ஏழு விநாடி யாருக்கும் விளங்கல."

"விளங்கக் கூடாதுன்னுதான் மிஸ் அப்பிடி வச்சேன்."

"எனக்கு விளங்குச்சு" என்று சொல்லிவிட்டு ஸரீனா பஸ்ஸுக்கு ஓடினாள்.

டொறீன் மேலும் மூன்று மாதம் பிள்ளை மடுவத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். மார்கழியில், மாத்தளையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம்தான். தையில் வேலம்மாவின் மூத்தவளுடைய கல்யாணத்தை அவள்தான் எடுத்தாள். பந்தியில் மாப்பிள்ளையின் மாமா, தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். வேலம்மா அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள்.

"லீவு குடுக்கலீங்களாம். அடுத்த வருசம் வந்துருவான்."

டொறீன் பதிவை நிறுத்தவில்லை. கல்யாண வீடியோவில் அந்தக் கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன.