பேச்சியம்மாளின் கழுத்துத் தழும்பு

பேச்சியம்மாளுக்குக் கழுத்துக் கழலையை அறுத்து எடுத்தது 1928 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை. வயது முப்பத்தொன்று. 1919இல் புருஷன் ஐயாசாமியோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவள். தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டு வேலை. அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசர் நான். எலுமிச்சங்காய் அளவில் இருந்த கழலை ஆறு வருஷத்தில் மாங்காய் அளவாகி, படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் அவள் கத்திக்குச் சம்மதித்தாள்.

மார்ச் 15 அன்று டவுன் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். சர்ஜன் துரை எனக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். புண் ஆறிவிட்டது, ஆனால் மேல்தோல் அடியிலுள்ள மூச்சுக்குழாயோடு ஒட்டிவிடக் கூடாது. தினம் மூன்று வேளை தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பை விரலால் மெல்ல நகர்த்த வேண்டும். முகவாயை உயர்த்திப் பழக வேண்டும். ஒட்டிவிட்டால் மறுபடி திறந்து பிரிக்க நேரிடும். ஏப்ரல் 17இல் அழைத்து வரவும்.

படித்துச் சொன்னேன். "இன்னொரு கத்தியா? அதுக்கு அந்தக் கழலையோடயே செத்திருப்பேன்" என்றாள்.

முகவாயை உயர்த்தச் சொல்லி, அங்கிருந்து மார்பெலும்பின் மேல்குழி வரை நாடாவால் அளந்தேன். மார்ச் 16இல் நாலு அங்குலம். 20இலும் நாலு. 23இல் மூன்றே முக்கால். மற்றப் பெண்களுக்கு ஆறு இருக்கும்.

"எண்ணெய் போடுகிறாயா?"

"போடுறேங்கய்யா."

ஐயாசாமி குறுக்கிட்டான். "எங்கய்யா போடுறா? துண்டை இறுக்கிச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. பின்னால நின்னு கூப்பிட்டா மொத்த உடம்பையும் திருப்புறா, கப்பல் திரும்புற மாதிரி."

"நீங்க சும்மா இருங்க" என்று அவனை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னாள்: "மரத்துல வெட்டின பட்டைய நாங்க யாரும் தொட மாட்டோம். தொடாம விட்டாத்தான் புதுப் பட்டை வரும். என் பட்டைய மட்டும் எதுக்கு நோண்டணும்?"

பட்டைக்கு அடியில் மரம் அசைவதில்லை, உன் தோலுக்கு அடியில் தொண்டை ஏறி இறங்குகிறது என்று சொல்லி, கண்ணாடியைக் கொடுத்து எச்சில் விழுங்கச் சொன்னேன். தொண்டை ஏறியபோது தழும்பும் குழிந்து கூடவே ஏறியது. பார்த்தாள். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் நடந்தபடியே இருந்தாள் என்று ஐயாசாமி சொன்னான். நகர்த்தினால் கிழியுமோ என்று பயம், விட்டால் ஒட்டுமோ என்றும் பயம். கிழியாது என்று அவளிடம் சொல்லிவிட்டு நானே சர்ஜன் துரையின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

மார்ச் 26இல் லேசான வேலையாக ஸ்டோரில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கப் போட்டார்கள். பன்னிரண்டு பெண்களுக்கு ஒரே சொம்பு. உதடு படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். இவளால் அண்ணாக்க முடியாது. அதனால் பகல் முழுதும் குடிக்காமலே இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற வெள்ளையம்மா, "வாய் வச்சே குடியேன்டி. அப்புறம் நாங்க புளி போட்டுத் தேய்ச்சுக்கிறோம்" என்றிருக்கிறாள்.

"நான் எச்சில் பண்ணி நீங்க தேய்க்கவா?" என்று சொம்பைப் பிடுங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இருமல், பாதித் தண்ணீர் மார்பில்.

நனைந்த ரவிக்கையோடு என்னிடம் ஓடிவந்தாள். "புண்ணு பிரிஞ்சிருச்சான்னு பாருங்கய்யா."

எதுவும் பிரியவில்லை. அளந்தேன். நாலரை.

அன்று முதல் தாகம் இல்லாவிட்டாலும் சொம்பை எடுத்தாள். "ஸ்டோர்க் கிணறு வத்தப் போகுது" என்று வெள்ளையம்மா கேலி செய்தாளாம். எண்ணெயும் தொட்டாள். ஏப்ரல் 2இல் நாலே முக்கால், 9இல் ஐந்து, 16இல் ஐந்தே கால். ஆனால் இடப்பக்கம் ஒரு துவரம்பருப்பு அளவு இடம் நகரவே இல்லை. அதை அவளிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை; சொன்னேன்.

ஏப்ரல் 17இல் சர்ஜன் துரை அவளை ஏழு தடவை விழுங்கச் சொன்னார். அந்தப் பருப்பளவு இடத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். ஐயாசாமி கதவருகே நின்று தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். கடைசியில், கத்தி வேண்டாம், எண்ணெய் இன்னும் மூன்று மாதம் என்றார். நான் தமிழில் சொன்னதை அவள் நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள்.

அந்த இடம் கடைசிவரை விடவில்லை. 1936இல் நான் மாற்றலாகிப் போகும்போதும் விழுங்கினால் இடப்பக்கம் லேசாகக் குழியும். பேச்சுக்கு நடுவே அவள் விரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். மறுபடி அந்தக் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை.