சந்தைக்குப் போன கீரைக்கட்டு

எங்கள் பாம்கோல் ஊரில் ஜொம்ரேயின் புச்சுக்கீரைக்கு ஒரு பெயர் இருந்தது. பனி விலகியதும் முதலில் துளிர்க்கும் கீரை அது. புல் மாதிரி தட்டையாக, பூண்டு வாசத்தோடு இருக்கும். முதல் அறுப்பை மருமகனுக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். ஜொம்ரே அதைச் சோம்ஜின் ஆற்றுப்பாலத்துக்கு அருகிலுள்ள உள்ளூர் விளைச்சல் கடைக்குக் கொடுத்துவிடுவாள். அவள் பெயரும் கைப்பேசி எண்ணும் ஒட்டிய கட்டுகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஜொம்ரேக்கு ஐம்பத்தெட்டு வயது. குரல் பெரியது, கோபம் சின்னது. கடனுக்குப் பயந்ததில்லை, காட்டுப்பன்றிக்குப் பயந்ததில்லை. அந்த மார்ச் மாதத்துக்கு முன்னால் அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

இரவு உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னதால், ஒரு நாள் அந்தி மங்கலில் அவசரமாகக் கீரையை அறுத்தாள். மறுநாள் காலையில் கட்டி, கடையில் அடுக்கிவிட்டுத் திரும்பினாள். அறுத்த பாத்திக்கு வைக்கோல் போர்த்தக் குனிந்தபோது, வரப்போரமாக அறுத்திருந்த தாள்களின் அடியில் மண்ணை மீறி ஒரு கிழங்கு தெரிந்தது. சின்ன வெங்காயம் போல, வெள்ளையாக. புச்சுக்குக் கிழங்கு கிடையாது. பிடுங்கி முகர்ந்தாள். வாசமே இல்லை.

"ஏங்க! வரப்போரமா என்ன நட்டீங்க?"

புருஷன் ப்யோங்தேக் கொட்டகையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "கண்டுபிடிச்சிட்டியா? போன ஐப்பசியில வச்சேன். சுசன் பூ. மஞ்சளா கிண்ணம் மாதிரி பூக்குமே, உனக்குப் பிடிக்கும்னு சொன்னேல்ல?"

அவள் கிழங்கை அவர் முன்னால் நீட்டினாள். சுசன் இலை பார்க்கப் புச்சு மாதிரியே இருக்கும், ஆனால் வயிற்றுக்குள் போனால் குடலைப் புரட்டிப் போட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "புள்ள... அதையும் சேத்து அறுத்திட்டியா?"

கடையில் வேலை பார்க்கும் சுல்கியைப் போனில் கூப்பிட்டாள். அந்தப் பெண் மிச்சமிருந்த கட்டுகளை உடனே எடுத்துவிட்டது. வாங்கியவர்களில் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுத் தடுத்தும் விட்டது.

"ஒருத்தரைத்தான் பிடிக்க முடியலை அத்தை. ரொக்கமா குடுத்துட்டுப் போயிருக்காங்க. கேமராவுல பாத்தேன். ஊதாக் கலர் பஞ்சுச் சட்டை."

"இந்த ஆத்தங்கரையில ஊதாப் பஞ்சுச் சட்டை இல்லாத பொம்பளை யாருடி?"

"கூடவே கணவாய் நிறைய வாங்கியிருக்காங்க. அக்கரை பஸ்ல ஏறினாங்க."

கணவாயும் புச்சும் என்றால் அடை. நிறைய என்றால் ஊர்க்கூடத்துச் சமையல். அக்கரையில் ஊர்க்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுகிற ஊர் ஒன்றுதான். அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ப்யோங்தேக் வண்டியை ஓட்டினார். பதற்றத்தில் பாலத்தின் மேல் இரண்டு முறை வண்டி நின்றுபோனது. "நான்தான் புள்ள, நான்தான்..." என்று முனகினார்.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க. அழுவறதா இருந்தா அப்புறம் அழுவலாம்" என்றாள்.

கூடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே சத்தமே இல்லை. கதவை இழுத்துத் திறந்தாள். தரையெங்கும் பெண்கள் விழுந்து கிடந்தார்கள். ஒருத்தியின் வாய் திறந்திருந்தது.

ஜொம்ரே போட்ட அலறல் வெளியே வண்டியில் இருந்தவருக்கே கேட்டது.

"யாருடி அது, செத்த வீட்டுல கத்தற மாதிரி?" என்று வாய் திறந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "சூடேத்தின தரையில செத்த நேரம் கண்ணயர விடுறீங்களா?"

"புச்சு தின்னீங்களா? யாராச்சும் தின்னீங்களா?"

"இல்லையே. கருவாட்டுக் குழம்பு தின்னோம். அடை சாயங்காலத்துக்கு."

ஜொம்ரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பின்பக்கத்துக் கழிப்பறையிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

சமையல்காரி போங்கிம்தான். ஊதாப் பஞ்சுச் சட்டைக்காரி. கீரை புதுசாக இருக்கிறதே என்று ஒரு பிடி எடுத்து, மிளகாய்ப்பொடி பிசறிப் பச்சையாகத் தின்று பார்த்திருக்கிறாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஜொம்ரேயின் மடியில் சாய்ந்தபடி போங்கிம் கண்ணைத் திறந்தாள். "உன் மூஞ்சி என்னைவிட வெளுத்திருக்கே. வைத்தியம் உனக்கா எனக்கா?"

"அக்கா, அந்தக் கீரையை வித்தது நான்தான்."

போங்கிம் மறுபடி வாந்தி எடுத்தாள்.

மருத்துவமனையில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இதயத் துடிப்பு தடுமாறுகிறது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். நகரத்திலிருந்து போங்கிமின் மகன் வந்தான். "எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்க தோட்டத்தைச் சும்மா விட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். ஜொம்ரே தலை குனிந்தபடி நின்றாள். அன்றும் மறுநாளும் சிகிச்சை அறை வாசலை விட்டு அவள் நகரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

மறுநாள் மாலை போங்கிம் கஞ்சி கேட்டாள். மகன் மறுபடி தொடங்கியதும் அதட்டினாள்: "சும்மா இருடா. ஒளிஞ்சுக்காம ஓடி வந்தாளே, அவளை என்ன பண்ணச் சொல்ற? இவ வரலைன்னா அத்தனை பேரும் அடை தின்னுருப்போம்."

வழக்கு வரவில்லை. விவசாயிகள் கூட்டம் கூடி, ஆனி வரை ஜொம்ரே எதுவும் விற்கக் கூடாது என்றது. ப்யோங்தேக் கிழங்குகளைத் தோண்டினார். ஜொம்ரேயோ புச்சுப் பாத்தியையும் சேர்த்தே தோண்டச் சொன்னாள். அது அவள் இருபது வருடம் வளர்த்த பாத்தி.

ஆனியில் அவளை மறுபடி கடையில் சேர்த்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு கொண்டு போனாள். விற்கப் போகும் நாளில், விடிந்ததும் ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒன்றை எடுத்து அவித்து, கொல்லையில் நின்றபடியே தின்பாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"உருளைக்கிழங்குல என்ன புள்ள இருக்கப் போவுது?" என்றார் ப்யோங்தேக்.

"தெரியலைங்க" என்றாள். "நீங்க வண்டியை எடுத்து வைங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன்."