பின்வீட்டில் கடித்த மின்சாரம்

காலை எட்டு இருபதுக்குப் பின்வீட்டு டிபி மின்பெட்டியின் மூடி கழன்றது. முதலில் கண்ணில் பட்டது கறுப்பு டேப். தரைக்கடியிலிருந்து சுவரேறி வந்த தடித்த கேபிளின் கழுத்தில், அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்டதுபோல் சுற்றியிருந்தது. வயர்மேன் குணா அதைக் கத்தியால் கீறிப் பிரித்தார்.

"அங்கிள், இதப் பாருங்க. இரும்புக் கம்பிய எல்லாம் ஒட்ட வெட்டி டேப் போட்டுட்டான். கிளாண்டே போடல லா."

இரண்டு முறை விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பத்திரிகையில் இருந்த காலத்தில் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவன். வீட்டு மின்சாரத்தில் என் அறிவு பல்பு மாற்றுவதோடு முடிகிறது. இந்தக் கேபிளுக்குள் இரண்டு செம்புக் கம்பிகள். அவற்றைச் சுற்றிக் கவசமாக இரும்புக் கம்பிகள். மண்வெட்டி படாமல் காப்பது மட்டும் அந்தக் கவசத்தின் வேலை அல்ல. எங்கள் பின்வீட்டுக்கு எர்த் அதுதான். பெட்டியின் வாயில் கிளாண்ட் என்ற பித்தளைத் திருகு அந்தக் கம்பிகளைக் கவ்விப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டாலும் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும். கசிகிற மின்சாரத்துக்கு மட்டும் போக வழி இருக்காது. அது ஃப்ரிட்ஜின் கதவில் வந்து நிற்கும்.

டேப்பின் பழைய பசை வாசனை வந்தது. அதன் பின்னாலேயே, நினைவிலிருந்து, ஈரச் சிமெண்டு, சந்தனம், பொங்கி வழிந்த பாலின் கருகல்.

கிள்ளானில் முன்வீடு அப்பாவுடையது. பின்னால் கிடந்த இடத்தில் சித்தப்பா இரண்டு அறையும் சமையலறையுமாகக் கட்டினார். அதுவரை பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்தார்கள். அண்ணன் தம்பி ஒரே வாசலில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மின்சாரமும் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்போதைய வயர்மேன் மணி வாங்கி வந்திருந்த கிளாண்ட் அளவில் சிறியதாகப் போய்விட்டது. கடை திறந்தில்லை. நல்ல நேரமோ விடியற்காலை.

"லைட்டு எரியும்ணே. நாளைக்கு வந்து ஆஃப் பண்ணிட்டுச் சரியாப் போட்டுத் தரேன்" என்றார் மணி.

விடிகாலையில் பால் பொங்கியது. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சித்தி மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. எல்லாரும் கைதட்டினோம்.

சொன்னபடி மணி வந்தார், சரியான கிளாண்டோடு. சித்தி பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஒரு மண்டலம் முடியாம மெயின ஆஃப் பண்ணக்கூடாது. புது வீடு இருண்டு போயிரும்."

"அரை மணி நேரம்தான்க்கா."

"அரை நிமிஷமும் வேணாம். மண்டலம் முடிஞ்சு வாங்க, டீ போட்டுத் தரேன்."

மண்டலம் முடிவதற்குள் மணி ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். விளக்குதான் எரிகிறதே, கிளாண்டை யாரும் நினைக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒரே துணிக்கொடி. மழை வந்தால் யார் முதலில் பார்த்தாலும் எல்லாத் துணியையும் எடுப்பார்கள். எங்கள் அலமாரியில் சித்தப்பாவின் சட்டை இருக்கும். அப்படி இருந்த நாட்களில்தான் ஃப்ரிட்ஜ் கடிக்க ஆரம்பித்தது. ஈரக்காலோடு தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும்.

"இத்தன வருஷமா நீ எனக்குக் குடுத்த ஷாக்தான். இப்ப ஃப்ரிட்ஜ் உனக்குத் திருப்பிக் குடுக்குது" என்று சித்தப்பா சித்தியைப் பார்த்துச் சிரித்தார்.

ஃப்ரிட்ஜை மாற்றினார்கள். புதியதும் கடித்தது. பிறகு வாஷிங் மெஷினும். பார்க்க வந்த ஒருவர் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் எதுவும் கடிக்கவில்லை. அதுதான் வினையானது.

"உங்க வீட்டுக் கரண்ட்தானேக்கா இங்க வருது? அங்க கடிக்கல, இங்க மட்டும் ஏன் கடிக்குது?" என்று சித்தி அம்மாவிடம் கேட்டார்.

"நா என்ன, போய்க் கடின்னு சொல்லியா அனுப்புறேன்?" என்றார் அம்மா. அன்றைக்கு இருவருமே சிரித்தார்கள்.

ஒரு நாள் மாலை, குளித்துவிட்டு வந்த சித்தியின் மகள் வாஷிங் மெஷினைத் தொட்டு அலறினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு, எங்கள் சமையலறைச் சன்னலைப் பார்த்துச் சித்தி சொன்னார்: "நாங்க இங்க இருக்கிறது யாருக்கோ புடிக்கல."

அம்மா சன்னலருகில்தான் நின்றிருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி முற்றத்தில் நின்றார்கள். அந்த வருடம் முடிவதற்குள் சித்தப்பா குடும்பம் சுங்கை பூலோவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் கல்யாண வீடுகளில் சந்தித்தார்கள். உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டு வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். இப்போது இருவருமே இல்லை.

பின்வீட்டை இடிக்கப் போகிறோம் என்பதால்தான் குணாவை அழைத்திருந்தேன். முன்வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அப்ப என்னால இல்ல."

"இல்லம்மா. யாராலயும் இல்ல. அந்தக் கிளாண்ட் போடாததுதான்."

பிறகு, "அன்னிக்கு ஆஃப் பண்ண விடாதவ அவதானே" என்றார். நான் தலையாட்டினேன். அம்மா மறுபடி கீரையை எடுத்தார். "அவகிட்டச் சொல்லாத. இந்த வயசுல அவளுக்கு எதுக்கு அது."

வீட்டை இடிப்பதை மட்டும் சொல்லலாமென்று, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தே ஸ்பீக்கரில் சித்திக்குப் போன் செய்தேன்.

"இடிங்கப்பா, இடிங்க. அந்த வீட்டுல என்ன நிம்மதியாவா இருந்தோம்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அக்கா சாப்பிடுறாங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?"

"இங்கதான் இருக்காங்க சித்தி. குடுக்கவா?"

"வேணாம், வேணாம். நா கேட்டேன்னும் சொல்லாத."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குணா பதினொன்றரைக்குப் பின்வீட்டு மின்சாரத்தைத் துண்டித்தார். அந்த வாரச் சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு சுவரும் இறங்கிவிட்டன.