ஆளுக்கா, கம்ப்யூட்டருக்கா

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கும் அந்தப் பட்டறையில் அவளுக்கு ஆபீஸ் அக்கா என்று பேர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேடு, சாவிக்கொத்து, பினாயில், பேனா ரீஃபில் எல்லாம் அவள் பொறுப்பு. புது ரீஃபில் வேண்டுமானால் தீர்ந்ததைக் காட்ட வேண்டும். கஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. எதையும் தலை எண்ணித்தான் கொடுப்பாள், அவ்வளவுதான்.

பட்டறைக்கு சர்வர் வந்தபோது அதையும் அவள் தலையில் கட்டினார்கள். டாக்டர் சீட்டில் இருக்கும் பவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது சர்வருக்குப் போகும், அங்கிருந்து அரைக்கிற மெஷினுக்குப் போகும். இவ்வளவுதான் அவளுக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான், சர்வர் சாஃப்ட்வேருக்கு ஒரு லைசென்ஸ், அதைப் பயன்படுத்துவதற்குத் தனியாக லைசென்ஸ் என்று ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள்: ஆளுக்கா, கம்ப்யூட்டருக்கா? அக்கா யோசித்தாள். சம்பளம் ஆளுக்கு, லீவு ஆளுக்கு, சோப்புக்கட்டியும் ஆளுக்குத்தான். லைசென்ஸ் மட்டும் எப்படி மாறும்? முதல் கட்டத்தில் டிக் போட்டாள். முதலாளியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு வாங்க அவளுக்குக் கை வரவில்லை. ஐந்து வாங்கினாள்.

ஒன்று முதலாளிக்கு, ஒன்று அவளுக்கு. மிச்சம் மூன்றைக் காலை ஷிப்டில் மூன்று பேர் பெயரில் போட்டாள். மற்ற ஏழு பேரும் அந்த மூன்று பெயர்களிலேயே உள்ளே நுழையட்டும் என்று பாஸ்வேர்டை அட்டையில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் தன் கையாலேயே ஒட்டினாள். “முதலாளி காதுக்குப் போகக் கூடாது” என்று சொல்லியும் வைத்தாள். அவர் கேட்டால், லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது என்பாள். அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை, சிக்கனம்.

அந்த மூன்று பேரில் ஒருவர் பவர் அண்ணன். லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மெல்ல ஆட்டிப் பார்த்தே பவரைச் சொல்லிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர். அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

ஒரு தடவை பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாற்பது கண்ணாடிகள் போயின. மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ். பிள்ளைகள் போட்டுக்கொண்டதும் தலைவலி, வாந்தி. முதலாளி கொதித்துப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். நாற்பதுக்கும் நேராகப் பவர் அண்ணன் பெயர். அண்ணன், “நான் போட்டதில்ல சார்” என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்திலேயே நேரமும் இருந்தது. சாயங்காலம் ஆறேகால். அண்ணனின் ஷிப்டு இரண்டு மணியோடு முடிந்துவிடும். கோபத்தில் முதலாளி அதைக் கவனிக்கவில்லை. சொன்னால் அட்டை வெளியே வரும், அட்டைக்குப் பின்னால் தன் வேலையும் போகும் என்று அக்கா வாய்வரை வந்ததை மென்று முழுங்கினாள். முதலாளி அண்ணனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்.

எட்டு மாதம் கழித்து சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு பெயரிலும் யார் யார் உள்ளே நுழைகிறார்கள் என்று எழுதி, முதலாளி கையெழுத்தோடு அனுப்ப வேண்டுமாம். அக்கா உடனே லைசென்ஸ் விற்கிற கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள்.

“ஒரே பேர்ல நாலு பேர் வந்தா நாலு ஆளுதாங்க கணக்கு. பேரைப் பார்க்க மாட்டாங்க, தலையைத்தான் பார்ப்பாங்க. சரி, மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்க?”

“பட்டறைல மூணு. ஆபீஸ்ல ஒண்ணு. முதலாளி வீட்டுலேருந்து பார்க்கற லேப்டாப் ஒண்ணு.”

“அவர் போன்ல எதுவும் பார்க்கறதில்லையே?”

“இல்லைங்க.”

“அப்ப அஞ்சு போதுமே. கம்ப்யூட்டருக்குன்னு வாங்கியிருந்தா அதுல எத்தனை பேர் உக்காந்தாலும் தப்பில்ல. ஆளுக்கு ஒரு பேர், ஒரு பாஸ்வேர்டுன்னு தாராளமா குடுத்திருக்கலாம். அன்னிக்கே கேட்டிருக்கலாமேங்க.”

அக்கா போனை வைத்தாள். வாங்கியதும் ஐந்து, தேவைப்பட்டதும் ஐந்து. மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிறகு தாளை எடுத்து, பவர் அண்ணன் பெயருக்குக் கீழே நான்கு பேரை எழுதினாள். அதற்கும் கீழே, நாற்பது கண்ணாடி ஏற்றிய நேரத்தையும் எழுதினாள்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். “இது உங்களுக்கு எப்பம்மா தெரியும்?”

“அன்னிக்கே தெரியும் சார்.”

அவர் கத்தவில்லை. சாவிக்கொத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். “வேலையில இருங்க. ஆனா அவரை நீங்களே போய்க் கூட்டிட்டு வரணும்.”

அண்ணன் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில், ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற கூண்டுக்குள் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று, டிக் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு வண்டிகள் வந்து போயின.

“அட்டையப் பத்தி நான் அன்னிக்கு வாயத் தெறக்கல” என்றார் அண்ணன். “சொன்னா உன் வேலை போயிடும்னு நெனச்சேன். நான் போடலைங்கறது உனக்கு நிச்சயமா தெரியாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நேரத்தை அன்னிக்கே பார்த்தியா?”

“பார்த்தேண்ணே.”

அண்ணன் திரும்பி, அடுத்த வண்டிக்குச் சீட்டுக் கிழித்தார்.

மாதம் பிறந்ததும் வேலைக்கு வந்தார். கம்பெனிக்காரர்கள் கட்டத்தை மாற்றித் தருவதில்லை என்றதால், கம்ப்யூட்டருக்கு என்று ஐந்து லைசென்ஸை முதலாளி புதிதாகவே வாங்கியிருந்தார். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு பெயர். பழைய அட்டைகளை அக்கா ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்திருந்தாள். அண்ணன் எல்லோரிடமும் பழையபடி சிரித்துப் பேசினார். தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“புது பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்கணும்ணே” என்றாள் அக்கா, பக்கத்தில் நின்றபடி.

அவர் இடக்கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலக்கையின் ஒரு விரலால் மெதுவாக அடித்தார். அடித்து முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.

“ஆச்சு மேடம். நீங்க போகலாம்.”