டார்ச் அக்காவும் சாம்பல் மீனும்

மீன் வந்த பையைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு மீனின் முகத்திலும் டார்ச் அடித்துப் பார்க்கிறார் அக்கா, திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி. “எல்லாம் ஒரே வகைதான்க்கா” என்கிறார் மொத்த வியாபாரி.

“அதை மீன் சொல்லட்டும்.”

அக்கா தன் கடையில் விற்பது குள்ள சிக்லிட் என்னும் தொட்டி மீன்கள். விரல் நீளம்கூட இருக்காது. ஆண் மீனை வாலின் வடிவத்தைப் பார்த்தே இன்ன வகை என்று சொல்லிவிடலாம். பெண் மீன்கள் எல்லா வகையிலும் ஒரே சாயல். முட்டையைக் காக்கும்போது உடம்பு மஞ்சளாகி, கன்னத்தில் கருங்கோடு எழுந்தால்தான் வகை புலப்படும். அதுவரை அக்கா யாரையும் நம்புவதில்லை.

தகப்பன் மீன் முட்டையைத் தின்கிறதோ என்று ஒருமுறை சந்தேகம் வந்து, தொட்டியின் குறுக்கே கண்ணாடித் தடுப்பு வைத்தார். அதை அறுத்துக் கொடுத்தவன், பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரன் நான். “அளவுல கை வைக்கலையே?” என்று டேப்பால் அளந்த பிறகே வாங்கிக்கொண்டார். ஆணை அந்தப் பக்கம் ஒதுக்கினார். இந்தப் பக்கம் இரண்டு பெண் மீன்கள் மட்டும். ஆனாலும் ஒன்று முட்டையிட்டது, குஞ்சும் பொரித்தது.

அந்த வாரம் அக்கா வெளியூரில் இருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார்.

“தடுப்பைத் தூக்கினியா?”

“இல்ல அண்ணி.”

“ஆம்பள இல்லாம குஞ்சு எப்படிடீ வரும்? வேற வகை எதையாவது கொண்டாந்து விட்டியா?”

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. “என்னையுமா அண்ணி?” என்றவள் மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கடை தொடங்கிய நாளிலிருந்து கூடவே நின்றவள்.

அடுத்த முட்டை நேரத்தில் சந்தேகப்பட ஆளில்லாமல், தொட்டி முன்னாலேயே பழிகிடந்தார் அக்கா. முட்டையிடுவதற்காகத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டிக்குள் தாய் நுழைந்தது. அதன் பின்னாலேயே நைசாக நுழைந்தது, சாம்பல் நிறத்திலிருந்த மற்றொரு ‘பெண்’. அதைப் பிடித்துத் தனியாக விட்டார். சில நாட்களிலேயே துடுப்பு நீண்டது, கன்னத்தில் நீலம் மின்னியது. பெரிய ஆணுக்குப் பயந்து பெண் வேடத்தில் திரிந்த ஆண்!

“இவனை விட்டுட்டு யாரைப் போய்…” என்று என்னிடம் ஆரம்பித்தவர், முடிக்காமல் மூக்கை உறிஞ்சினார்.

அன்றே நாத்தனார் வீட்டுக்குப் போனார். “தப்பு என்னோடதுதான். வந்துடு.”

அவள் வந்தாள். அந்த மீனைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, பழையபடி டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

அக்கா டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“முதல்ல நீ ஒரு வாய் குடி.”

நாத்தனார் குடித்தாள். அது தொண்டையில் இறங்கும்வரை கண் எடுக்காமல் பார்த்திருந்து, அதே டம்ளரை வாங்கி அக்கா மடமடவென்று குடித்து முடித்தார்.