எரிகோவில் ஒரு குழந்தை

போன ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலிலிருந்து என் மகள் வண்ணம் தீட்ட ஒரு படம் கொண்டுவந்தாள். கடவுள் சொன்ன வாக்குப்படி எரிகோ பட்டணத்தின் மதில் இடிந்து விழுகிறது. வெளியே இஸ்ரவேலர் எக்காளம் ஊதுகிறார்கள், கன்னங்கள் கொழுக்கட்டை மாதிரி. மதிலுக்கு மஞ்சள் அடித்து முடித்தவள், அதன்மேலிருந்த சன்னலில், படத்தில் இல்லாத ஒரு குட்டி முகத்தை வரைந்தாள்.

“அம்மா, இங்க ஒரு வாவ உண்டு. மதில் விழும்போ அது எவிட போகும்?”

அவளுக்கு ஆறு வயது; பள்ளிக்கூடத்து மலையாளம் கலந்துதான் பேசுவாள், வாவ என்றால் பாப்பா. நான் முதுகலை வரை படித்தவள், ஆபீஸில் பிறர் சந்தேகம் கேட்டு வருகிற ஆள். “கை கழுவிட்டு வா” என்றேன்.

கை கழுவுவது என்றால் எனக்கு அப்பாதான். ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் வீடு; அங்கேயே ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்த்தார். எத்தனை சோப்பு போட்டாலும் விரலிலிருந்து பெருங்காயம் போகாது. அந்த விரலால் புரட்டிப் புரட்டி எங்கள் வீட்டு வேதாகமத்துக்கும் அந்த மணம் ஏறிவிட்டது. லேவியராகமத்தைத் திறந்தால் எனக்கு ரசம் சாப்பிட ஆசை வரும். சிரிக்காதீர்கள், இப்போதும் வருகிறது.

சாயங்கால ஜெபத்தில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. நாளுக்கு ஓர் அதிகாரம், வரிசை தப்பாமல். ஆளுக்கு ஒரு வசனம்: அப்பா, அக்கா, நான், அம்மா. வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்தாலும் விடக்கூடாது. நமக்கு எது வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, வாய்க்குள் நுழையாத பெயர் வந்தால் உதட்டுக்குள் சொல்லிப் பழகிக்கொள்வோம். பல வீடுகளில் இப்படித்தான், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்படி ஒரு நாள், அமலேக்கியரை அழிக்கச் சவுல் ராஜாவுக்குக் கட்டளை வருகிற இடம். ஆண், பெண், பால்குடிக்கிற பிள்ளை, மாடு, ஆடு, ஒன்றையும் விடாமல் கொல்ல வேண்டும். அந்த வசனம் எனக்கு விழுந்தது. எதிரே அம்மா, பிறந்து சில மாதமே ஆன தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சப்புகிற சத்தம் கேட்டது. நான் விரலை வசனத்தின்மேல் வைத்தபடி அவனைப் பார்த்தேன்.

“வாசி மக்கா” என்றார் அப்பா.

“தம்பியும் பால்குடிதானேப்பா?”

அப்பா யோசிக்கவே இல்லை. “அமலேக்குன்னா நமக்குள்ள உள்ள பாவம், கேட்டியா. பால்குடின்னா சின்னப் பாவம். வளருததுக்கு முன்ன கொல்லணும்னு அர்த்தம்.”

“பிள்ளைய மடியில வச்சுகிட்டு இருக்கேன், பேசுத பேச்சப் பாரு” என்று அம்மா தம்பியை மறுபக்கம் மாற்றினாள்.

அக்கா என் காதில் கேட்டாள்: “நேத்து சீனி களவெடுத்தியே, அது பால்குடிப் பாவமா, பல்லு முளைச்ச பாவமா?”

அவ்வளவுதான். ஜெபத்தில் சிரித்ததற்கு இருவருக்கும் குட்டு விழுந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் தவழுகிற பாவம், பள்ளிக்கூடம் போகிற பாவம், கல்யாண வயசுப் பாவம் என்று வகைகள் பெருகின. என் கேள்வி அதில் எங்கோ கரைந்துபோயிற்று. அமலேக்கியர் வீட்டில் யாரும் சப்புகிற சத்தம் அதற்குப்பின் எனக்குக் கேட்கவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். இது சும்மா கதைக்காக, மக்கா, எரிகோன்னா நம்ம கெட்ட குணம், அந்த வாவ சின்னக் கெட்ட குணம். அவள் தான் வரைந்த முகத்தையே பார்த்தாள்.

“இது கெட்டது இல்ல. நானில்லா வரச்சேன்.”

போதகரைப் போனில் கூப்பிட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். “அந்தக் காலத்து ஆளுங்க அவங்களுக்கு விளங்குனபடி எழுதி வச்சாங்கம்மா. கடவுள் எப்படிப்பட்டவர்னு நாம ஏசுவைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.” எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையே எளிமையாக்கி மகளிடம் சொன்னேன்.

“அப்போ நம்ம பைபிள்ல தெற்று உண்டா?”

தப்பு இருக்கிறது என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். “நீ எதுக்கு இவ்ளோ டென்ஷன் ஆகுத, அவ நாளைக்கு மறந்துருவா” என்றார் கணவர். அவள் மறக்கவில்லை. மறுநாள் ஜெபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள். கேட்டதற்கு, “ஏசப்பாக்கு தேஷ்யம் வந்தா நம்ம பிளாட்டும் விழும். நான் மிண்ட மாட்டேன்” என்றாள். கோபப்படுத்தாமல் இருக்கப் பேசாமல் இருப்பதே நல்லது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். தொட்டால் தோள் விறைப்பாக இருக்கிறது.

ஆரியசாலை வீடு இன்று இல்லை. அப்பாவும் இல்லை. வரிசையாக வாசிக்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. பூப்படத்தோடு போனில் வருகிற ஒரு வசனம், நல்ல வசனம், அதோடு சரி. ஆனால் போன வாரம்வரை ஜெபத்தை முடிப்பது மகள்தான். லிப்ட் மாமன், மீன்கார அம்மச்சி, கல்லாற்றில் பார்த்த நொண்டி நாய் என்று ஒவ்வொருவராக ஆசீர்வதிக்கச் சொல்வாள். மேஜைமேல் சோறு ஆறிக்கொண்டிருக்கும். நான் ஒரு கண்ணைத் திறந்து, “சீக்கிரம் முடி மக்கா” என்பேன்.

இப்போது நானும் கணவரும் மட்டும் ஆமென் சொல்லிச் சட்டென்று எழுந்துவிடுகிறோம். சோறு நல்ல சூடாக இருக்கிறது.